பூனைக்குப் பூனை குணம் வேறு

சோற்றுத் தட்டைக் கண்டதும் ஒன்று பாய்ந்து வரும். கூடப் பிறந்ததே நெல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கும். 2017-ல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,802 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்து, பயம், துறுதுறுப்பு, அதிகாரம், அவசரபுத்தி, இணக்கம் என ஐந்து குணங்களாகப் பிரித்தார்கள்.

பயந்த பூனையை இழுத்து மடியில் வைக்க வேண்டாம். கட்டிலுக்கடியில் பழைய புடவை விரித்த அட்டைப்பெட்டி போதும். தீபாவளி வெடிக்கும் அதுதான் அடைக்கலம். துறுதுறுப்பானதற்குச் சணல் கயிறு சுற்றிய கட்டை கிடைத்தால் சோபா பிழைக்கும். அதிகாரம் செய்வது இருந்தால் தட்டுகளை ஒன்றுக்கொன்று தெரியாத மூலைகளில் வைப்பது நல்லது.

மன்னார்குடி பக்கம் தனிக் கவலை ஒன்று உண்டு: வயலில் வைக்கும் எலி மருந்து. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் ஆபத்து. அந்த நாட்களில் வேட்டைக்காரப் பூனையை ராத்திரி வீட்டுக்குள் அடைக்க வேண்டும். கதவைப் பிறாண்டும், பிறாண்டட்டும். வாயில் நுரை, நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் கைவைத்தியம் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. அரை மாத்திரைகூட பூனையின் உயிரைப் பறிக்கலாம்.