அர்ஜென்டினாவில் ஓர் உலா



உலகப் படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் தென்கோடியைப் பாருங்கள். வால்போல் குறுகிச் செல்லும் அந்நிலப்பரப்பில், ஆண்டீஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் நாடே அர்ஜென்டினா. மாநகர், பனியாறு, அருவி ஆகிய மூன்றையும் ஒரே விடுமுறையில் கண்டுவர விரும்புவோர் பலர் இந்நாட்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். புவியியல் பாடத்தைத் துணைக்கொண்டு நாமும் சென்று வருவோமா? புறப்படுமுன் ஒன்றை நினைவிற் கொள்வோம். நமக்குக் குளிர்காலமாகிய டிசம்பரும் ஜனவரியும் அங்கே கோடைக்காலம். கிறிஸ்து பிறப்பு விழாவை அம்மக்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கொண்டாடுகிறார்கள்!

முதலில் தலைநகர் புவெனஸ் ஐரிஸ். "நல்ல காற்று" என்பது இப்பெயரின் பொருள். 1908-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொலோன் அரங்கம் இசைக்குப் புகழ்பெற்றது. மேடையில் பாடுவோரின் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்குமாம். துறைமுகப் பகுதிகளில் குடியேறிய ஏழை மக்களிடையே வளர்ந்த டாங்கோ நடனம் இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது. நம் கவி இரவீந்திரநாத் தாகூரும் இந்நகருக்கு வந்தவரே. 1924-இல் பெரு நாட்டிற்குச் செல்லும் வழியில் உடல் நலம் குன்றிய அவரை, விக்டோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளர் நகரை அடுத்த சான் இசித்ரோவில் தங்க வைத்துப் பேணினார். அவரைத் தாகூர் "விஜயா" என்று அழைத்தார். "பூரபி" என்னும் தம் கவிதை நூலையும் அவருக்கே காணிக்கையாக்கினார்.

ஆயினும் அந்நகரில் நாம் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் அரங்கம் அன்று, மே சதுக்கமே. 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள், "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்க இச்சதுக்கத்தில் கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றனர் காவலர். அவர்களும் நகர்ந்தனர், சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி நடந்தனர்! அவ்வாண்டே லுஹான் மாதா திருத்தலத்திற்குப் பாதயாத்திரை சென்றபோது, பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதற்காகக் குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் அணிந்தனர். அந்த வெள்ளை முக்காடே பின்னர் அவர்களின் சின்னமாயிற்று. வியாழக்கிழமைதோறும் நடந்த அந்நடை பல்லாண்டுகள் தொடர்ந்தது. வாளும் துப்பாக்கியும் ஏந்தியவர்களை விட இவர்களையே நாம் வீராங்கனைகள் என்போம்.

இனித் தெற்கே. விமானத்தில் சுமார் மூன்று மணி நேரத்தில் எல் கலபாத்தே என்னும் சிற்றூரை அடைகிறோம். அங்கிருந்து சாலை வழியே சென்றால் பெரிட்டோ மொரேனோ பனியாறு. மலைமேல் ஆண்டாண்டாகப் பெய்யும் பனி, தன் எடையாலேயே அமுங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி மெல்ல மெல்லச் சரிவில் இறங்குகிறது. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பனியாற்றின் முகப்பு 5 கிலோமீட்டர் அகலமானது. ஏரி நீருக்கு மேல் 60 மீட்டருக்கும் அதிகமாகச் சுவர்போல் எழுந்து நிற்கிறது. நிறமோ நீலம்! அடர்ந்த பனிக்கட்டி ஒளியிலுள்ள செந்நிறத்தை உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம்.

சில காலங்களில் இப்பனிச்சுவர் முன்னேறி எதிர்க்கரையைத் தொட்டு, அர்ஜென்டினோ ஏரியின் ஒரு கிளையை அணைபோல் அடைத்துவிடும். அடைபட்ட நீர் பல மீட்டர் உயரும். பின் அது பனிக்கு அடியில் சுரங்கம் அறுக்க, மேலே நிற்கும் பனிப்பாலம் இடி முழக்கத்துடன் சரியும். 2004, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. 2018-இல் காணக் காத்திருந்தோர் ஏமாந்தனர். பாலம் இரவில் விழுந்துவிட்டது!

அண்டையிலுள்ள பனியாறுகள் தேய்ந்துவந்த காலத்திலும் இது நெடுங்காலம் நிலைத்து நின்றது. புவி வெப்பமாகிறது என்பதை மறுப்போர்க்கு இதுவே பிடித்த எடுத்துக்காட்டு. ஆனால் 2019-க்குப் பின் இதுவும் சில இடங்களில் 800 மீட்டருக்கு மேல் பின்வாங்கியிருப்பதாக ஆய்வாளர் 2025-இல் வெளியிட்டனர். முகப்பு எதிர்க்கரையை எட்டாவிட்டால் அணையும் இல்லை, பாலமும் இல்லை. ஆகவே வாய்ப்புள்ளோர் பனியாற்றை முதலில் காண்பதே நன்று.

கடைசியாக வடகோடிக்குப் பறந்து, பிரேசில் எல்லையிலுள்ள இகுவாசு அருவிக்கு வருகிறோம். குவரானி பழங்குடியினர் மொழியில் "பெரும் நீர்" என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர் வேறு பெயர் சூட்டியும் பழைய பெயரே நிலைத்தது; நமக்கு அதில் மகிழ்ச்சி. நம் தக்காணப் பீடபூமியைப் போலவே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை இது. அதன் விளிம்பில் 2.7 கிலோமீட்டர் அகலத்திற்குச் சுமார் 275 அருவிகளாக ஆறு விழுகிறது. அவற்றுள் பெரியதற்குப் "பேயின் தொண்டை" என்று பெயர். சராசரியாக நொடிக்கு 15 லட்சம் லிட்டர் விழுமிடத்தில், 2023 அக்டோபர் வெள்ளத்தின்போது 2 கோடி லிட்டருக்கும் மேல் பாய்ந்தது.

காட்டினூடே சிறு இரயிலில் சென்று, நடைபாலத்தின் மேல் நின்று காணலாம். மழையாடை அணிந்தாலும் நனையாமல் திரும்ப இயலாது. கோவாட்டி என்னும் நீள்மூக்கு விலங்குகள் அங்கே கூட்டமாகத் திரிகின்றன. அவற்றைக் கண்டதும் கையிலுள்ள உணவுப் பொட்டலத்தை மறைத்துக்கொள்ளுங்கள் தோழியரே, பறித்துக்கொண்டு ஓடிவிடும்!