தோட்டத் தபால் பை: காசும் கடிதமும் கடந்த கைகள்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிவதற்குச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் படித்தால் மட்டும் போதாது. அந்த மக்கள் எவ்வாறு காசு அனுப்பினார்கள், பிறப்பையும் இறப்பையும் எவ்வாறு அறிந்துகொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்விரண்டையும் சுமந்தது தபால் பை. அந்தப் பை யார் கைகளைக் கடந்து சென்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தபால் வந்த வழி

இங்கிலாந்தில் 1714 முதல் 1830 வரை நான்கு ஜோர்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டனர். அக்காலத்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்தினார். காசில்லாத ஏழைக்கு வீட்டுச் செய்தியும் கிடைக்காது. தபாலில் பணம் அனுப்புவோர், திருட்டுக்கு அஞ்சி வங்கித்தாளை இரண்டாக வெட்டுவர். முதற்பாதி கிடைத்ததாகப் பதில் வந்த பின்னரே மறுபாதியை அனுப்புவர். 1840இல் தபால்தலை வந்ததும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தும் முறை பரவியது.

இலங்கையில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அது சென்ற பாதை கேகாலை வழியானது. 1857இல் நமது முதல் தபால்தலை வெளிவந்தது. 1912இல் களனிவெளி ரயில் பாதை இரத்தினபுரியை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை ஆரம்பமாகியது. அதனோடு இணைந்த ரயிலை மக்கள் ‘போட் மெயில்’ என்றே அழைத்தனர். தபாலும் தொழிலாளரும் ஒரே வழியில் பயணித்தனர்.

காசின் பயணம்

திருச்சி, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் மூலம் வந்த தொழிலாளர் கடனுடனேயே தோட்டத்தில் காலடி வைத்தனர். அவர்களுடைய கடன் தொகை ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்கப் புதிய தோட்டம் முன்வந்தாலே ஒருவர் தோட்டம் மாற முடியும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஊரிலுள்ள தாய்க்கோ மனைவிக்கோ காசு அனுப்ப விரும்பியவருக்கு மணியோடர் உதவியது. படிவத்தை நிரப்பி, தொகையையும் சிறு கட்டணத்தையும் தபாற்கந்தோரில் செலுத்தினால், பெறுபவரின் ஊரிலுள்ள தபாற்காரர் காசைக் கொடுத்துக் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெறுவார். எழுதத் தெரியாத தாயின் விரல் மைதான் காசு போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. துண்டு, தொழிலாளியைக் கடனாளி என்று சொன்ன காகிதம். மணியோடர் ரசீது, அதே மனிதரைக் குடும்பத்தைக் காப்பவர் என்று சொன்ன காகிதம். இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

செய்தியின் பயணம்

பலருக்கு எழுத்தறிவு இருக்கவில்லை. கணக்கப்பிள்ளையோ ஆசிரியரோ கடைக்காரரோ எழுதிக் கொடுத்தனர். ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கி, ‘இப்பவும்’ என்று விடயத்துக்கு வருவது வழக்கம். திருமணக் கடிதத்தின் ஓரத்தில் மஞ்சள் பூசினர். சாவுச் செய்தியாயின் கறுப்பு மை தடவினர். எனவே, படிக்கத் தெரியாதவரும் கடிதத்தின் மூலையைக் கண்டே நெஞ்சு பதறுவார்.

ஒரு பெண் தன் கணவனின் குடியைப் பற்றியோ, மகளின் நோயைப் பற்றியோ தாய்க்குச் சொல்ல விரும்பினால் என்ன செய்வாள்? எழுதுபவர் ஒருவர் அதைக் கேட்பார். மறுகரையில் வாசிப்பவர் ஒருவர் அதை அறிவார். தாயின் காதுக்குப் போகுமுன்னே மகளின் துயரம் இருவரைக் கடந்துவிடும். சொல்லாமல் விட்டவையே அதிகமாயிருக்கும்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வழிசெய்தது. குடும்பங்கள் பிரிந்தன. முன்பு இங்கிருந்து ஊரைத் தேடிய கடிதங்கள், இப்போது நீலகிரியிலிருந்து தோட்டத்து லயங்களைத் தேடி வந்தன.

முகவரி என்னும் உரிமை

தோட்டத்துக்கு வரும் கடிதங்களைத் தபாற்கந்தோரிலிருந்து எடுத்து வருவது தோட்டத்தின் ஆள். பை அலுவலகத்தில் பிரிக்கப்பட்டு, பிறகே லயத்துக்குப் போகும். இன்றும் பல லயங்களுக்கு வீட்டு இலக்கமோ வீதிப்பெயரோ இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் கடிதம் மாறிவிடும். அடகு நகைக்கு வங்கி அனுப்பும் அறிவித்தல் பிந்தினால் நகை ஏலத்துக்குப் போகலாம். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் ஒரு நாள் பிந்தினால், ஒரு பிள்ளையின் வேலையே கைநழுவிப் போகும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பது அல்குர்ஆன் சூரா அல்பகராவில் நமக்குக் காட்டும் வழி. பிறருடைய கடிதமும் காசும் நம் கைக்கு வந்தால் அது அமானிதம். எழுதத் தெரியாதவருக்காக நேர்மையுடன் எழுதிக் கொடுத்த முகம் தெரியாத பலர் அந்த அமானிதத்தைக் காத்தவர்களே. ஆனால், ஒருவருடைய கடிதம் நேராக அவருடைய வாசலுக்கு வருவது மற்றவரின் நல்ல மனதை நம்பியிருக்கும் விடயமாக இருக்கக் கூடாது.

இன்று கைத்தொலைபேசி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குரல் போகிறது. வங்கிக் கணக்கில் காசு போகிறது. எனினும் சட்டமும் வங்கியும் பரீட்சைத் திணைக்களமும் இன்னும் முகவரியைத்தான் கேட்கின்றன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த மக்களின் ஒவ்வொரு வாசலிலும் ஓர் இலக்கம் எழுதப்பட வேண்டும். அதுவரை அவர்களுடைய தபால் பை முழுமையாக அவர்களுடையதாகாது.