கருப்பைக்கு வெளியே வளரும் கரு: சோதனை கூறுவதும் கூறாததும்

மனிதக் கருவில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல், கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியுமுன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது. அந்நாட்களில் உட்கொள்ளப்படும் மருந்து கருவுக்கு ஊறு செய்யுமா என்பதை மனிதரிடம் சோதித்தறிய இயலாது. இதனை ஓரளவு அறிய உதவும் வழிகளுள் ஒன்று, எலி, சுண்டெலி ஆகியவற்றின் கருக்களைச் சோதனைச்சாலையில் முழுமையாக வளர்க்கும் முறையாகும். 1960-களிலும் 1970-களிலும் கேம்பிரிட்ஜில் டெனிஸ் நியூ என்ற அறிவியலறிஞரும் அவருடைய குழுவினரும் இதனைச் செம்மைப்படுத்தினர்.

செய்முறை

எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 நாட்கள். ஒன்பதரையாம் நாளளவில் தாய் எலி கொல்லப்பட்டு, கருக்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. உருப்பெருக்கியின் உதவியால் புறச்சவ்வுகள் அகற்றப்படுகின்றன. மஞ்சட்கருப்பை மட்டும் சிதையாமல் காக்கப்படுகிறது. இப்பருவத்தில் கரு ஊட்டம் பெறுவது அதன் வழியேயாகும். எலி இரத்தத்திலிருந்து பெறப்பட்ட சீரம் நிரம்பிய குப்பிகளில் கருக்கள் இடப்பட்டு, உடல் வெப்பநிலையில் குப்பிகள் இடைவிடாது உருட்டப்படுகின்றன. கரு வளர வளர ஆக்சிஜன் அளவு உயர்த்தப்படுகிறது. 48 மணி நேரத்தில் இதயம் துடிக்கிறது, நரம்புக்குழல் மூடுகிறது, முன்கால் மொட்டுகள் தோன்றுகின்றன. 2021-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தார், சுண்டெலிக் கருக்களை ஐந்தரையாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை இவ்வாறு வளர்த்துக் காட்டினர்.

பயனும் எல்லையும்

தாயின் உடலிலிருந்து கரு பிரிக்கப்படுவதே இம்முறையின் சிறப்பு. கேடு நேரின், அது தாயின் நோயாலன்று, மருந்து கருவைத் தொட்டதால் நேர்ந்ததென அறியலாம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயிக் அமிலம் நரம்புக்குழலின் வளர்ச்சியைக் குலைப்பது இவ்வாறு குப்பியிலும் காணப்பட்டது.

அச்சிறப்பே இதன் குறையுமாகும். புற்றுநோய் மருந்தான சைக்ளோபாஸ்பமைடு தாயின் கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே கருவுக்கு நஞ்சாகிறது. குப்பியில் கல்லீரல் நொதிகளையும் சேர்த்தாலன்றி அதன் கேடு புலப்படாது. விலங்கினங்களுக்கிடையே உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. 1950-களின் இறுதியில் விற்பனைக்கு வந்து, 1961-இல் ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையுடன் பிறக்கச் செய்தது. எலிகளிலோ அத்தகைய குறை தெளிவாகத் தோன்றவில்லை.

சிக்கனமும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு தாய் எலியின் கருக்களைப் பகிர்ந்து, ஒரு மருந்தைப் பல அளவுகளில் சோதிக்கலாம். எனவே தேவைப்படும் விலங்குகளின் தொகை குறைகிறது. ஆயினும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழ் அமைந்த விதிகளும் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இதற்கும் பொருந்தும்.

இத்தகைய அறிக்கையை ஆராயும் அலுவலர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. கருவைச் சென்றடைந்தது மருந்தா, அதன் மாறிய வடிவமா? சோதித்த அளவு, மனித இரத்தத்தில் காணப்படும் அளவை ஒத்ததா? வேறோர் உயிரினத்திலும் அம்முடிவு உறுதியாயிற்றா? குப்பியில் தீங்கு தென்பட்டால் அது எச்சரிக்கை. தென்படாவிடினும் அதனை அனுமதியெனக் கொள்ளலாகாது.