சிவப்பு, மஞ்சள், பச்சை மட்டும் போதுமா?

இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுக்கு இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணமாகின்றன. சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவும் உடலுழைப்புக் குறைவும் இவற்றைப் பெருக்குகின்றன. எனவே மக்களின் உணவும் உடற்பயிற்சியும் இன்று அரசின் பொறுப்பாகவும் மாறியுள்ளன.

உணவு தொடர்பாகச் சில திட்டமான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. 2016 ஆகஸ்ட் 1 முதல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. 2017 நவம்பரில், அடங்கியுள்ள சீனியின் அளவைக் கொண்டு மென்பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்குமான நிறக்குறியீட்டைப் பொதிசெய்யப்பட்ட திண்ம உணவுகளுக்கும் விரிவாக்கின. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் வழிகாட்டல்கள் உள்ளன.

எனினும், நிறத்தை மட்டும் பார்ப்பது போதாது. 3 கிராமுக்கும் மஞ்சள்தான். 10 கிராமுக்கும் மஞ்சள்தான். 100 மில்லி லீற்றரில் 10 கிராம் சீனியுள்ள 400 மில்லி லீற்றர் பானத்தைக் குடித்தால் 40 கிராம் சீனி, அதாவது சுமார் எட்டுத் தேக்கரண்டி, உடலில் சேர்கிறது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே சிறந்தது என்பது உலக சுகாதார தாபனத்தின் ஆலோசனை. ஆகவே நிறத்தோடு எண்ணையும் வாசிக்கப் பழக வேண்டும். நோன்பு திறக்கும் வேளையில் நாம் கரைக்கும் சர்பத்துக்கு எந்த நிறக்குறியும் இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

உடற்பயிற்சியின் நிலை வேறு. 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவும், வளர்ந்தோருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களும் தேவை. ஆனால் சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் தரம் 10இல் விருப்பப் பாடமாகிவிடுகிறது. உயர்தர வகுப்பில் மேலதிக வகுப்புகளே மாலைப்பொழுதை விழுங்குகின்றன. கொழும்பிலும் வேறு சில நகரங்களிலும் நடைபாதைகள் அமைக்கப்பட்டுள்ளன; ஆயினும் பெண்கள் தயக்கமின்றி நடக்கக்கூடிய இடம் எத்தனை ஊர்களில் உண்டு?

இதற்கு மார்க்கத்தைக் காரணங்காட்டுவது பொருந்தாது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயத்தில் ஈடுபட்ட செய்தி ஹதீஸில் பதிவாகியுள்ளது. பேண வேண்டியது ஒழுக்கம். கைவிட வேண்டியது அசைவற்ற வாழ்வு.

வரியும் நிறக்குறியும் கடைக்குள் வேலை செய்பவை. மைதானத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பிரதேச சபை மைதானங்களில் வாரத்தில் சில மணிநேரம் பெண்களுக்கென ஒதுக்கலாம். மகளிர் பாடசாலை முற்றங்களை மாலையில் தாய்மாருக்கும் திறந்துவிடலாம். இவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை. கேட்கும் குரல்தான் தேவை; அக்குரல் மாணவியரிடமிருந்தே எழட்டும்.