கிராமம் கற்பிக்கும் மருத்துவம்: அயல்நாட்டு மாணவர் பயிற்சியும் நமது பொறுப்பும்

கர்நாடக மாநிலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் காடு சூழ அமைந்த சிற்றூர் கோபிநத்தம். 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இவ்வூர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மக்கள் பேசுவது தமிழ். அரசு ஏடுகளின் மொழி கன்னடம். பெரிய மருத்துவமனைகளோ தொலைவில் உள்ளன. இத்தகைய ஊர்களில் நோயாளி ஒருவரைக் காப்பாற்ற மருந்து மட்டும் போதாது. மொழி, பாதை, நேரம், நம்பிக்கை ஆகிய யாவும் வேண்டும். நகர்ப்புற மருத்துவமனையில் மட்டும் பயின்ற மாணவர், இந்தியராயினும் அயல்நாட்டவராயினும், இதனை நூலிலிருந்து கற்க இயலாது.

செல்வ நாடுகளின் மருத்துவ மாணவர்கள் சில வாரங்கள் பிற நாடுகளுக்குச் சென்று பயிலும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. 1951-ல் தோன்றிய மருத்துவ மாணவர் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு, நாடுகளுக்கிடையே மாணவர் பரிமாற்றத்தை நடத்தி வருகிறது. இப்பயிற்சியால் மாணவர் பயனடைகிறார் என்பதில் ஐயமில்லை. அவரை ஏற்கும் ஊர் அடையும் பயன் யாது என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

தென்னாட்டின் அனுபவம்

அயல்நாட்டுப் பயிற்சிக்கும் நம் கிராமங்களுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்ற ஐடா ஸ்கடர், 1900-ல் வேலூரில் ஒரு சிறு மருந்தகத்துடன் பணியைத் தொடங்கினார். அவர் பணி சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவி, இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கினார். பின்னாளில் அந்நிறுவனம் 1977-ல் கீழ்வைத்தியனான்குப்பம் வட்டாரத்தில் கிராம நலவாழ்வுப் பணியைத் தொடங்கிற்று. வந்தவர் தாம் கற்றதை விட்டுச் சென்றால்தான் ஊர் வளரும் என்பதற்கு இது சான்றாகும்.

மைசூர்ப் பகுதியிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினரிடையே மருத்துவர் எச். சுதர்சன் 1981-ல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். 1984-ல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர் சிலர் சுவாமி விவேகானந்தர் இளைஞர் இயக்கத்தைத் தோற்றுவித்து, எக்கடதேவனகோட்டை வட்டத்துப் பழங்குடி மக்களிடையே பணிபுரியலாயினர். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் இவ்வியக்கத்துடன் இணைந்து பயின்றுள்ளன. உள்ளூரில் வேரூன்றிய பணி முன்னரே இருந்தமையால், வந்த மாணவருக்கு வழிகாட்டவும் அவர் சென்றபின் பணியைத் தொடரவும் இங்கு ஆள்கள் இருந்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். உலக நலவாழ்வு நிறுவனம் 2017-ல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. குளிர்நாட்டிலிருந்து வரும் மாணவர் இதனைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பு அரிது. விரியன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை கெடலாம். இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சிறிதளவு இரத்தத்தைத் தூய, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் இட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியுள்ளது எனக் கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாய் இதற்குப் பயன்படாது. கட்டுவிரியன் கடியில் வீக்கமோ வலியோ பெரிதாகத் தோன்றாது. கண்ணிமை தாழ்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

எளிய கருவியும் கூர்ந்த கவனிப்பும் உயிரைக் காக்கும் என்பதே இங்கு மாணவர் பெறும் பாடம். ஆனால் அதே இரவில் நோயாளிக்கு வேண்டியவர் முறிமருந்து செலுத்தத் தெரிந்த மருத்துவர். கற்றுக்கொள்ளும் மாணவர் அல்லர். இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்தில்தான் தீங்கு நேர்கிறது.

கொடுப்பதும் கொள்வதும்

தம் நாட்டில் செய்ய அனுமதிக்கப்படாத சிகிச்சையை ஏழை நாட்டில் மாணவர் செய்து பார்ப்பது அறமன்று. ஏழை நோயாளியின் உடல் பயிற்சிக் களமன்று. நம் நாட்டுச் சட்டப்படியும் பதிவு பெறாதவர் மருத்துவராகத் தொழில் புரியலாகாது. உலக நலவாழ்வுப் பயிற்சிக்கான நெறிமுறைகளை வகுக்க அமைந்த அறிஞர் குழுவொன்று 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், பயன் இருதரப்புக்கும் உரியதாதல் வேண்டும், ஏற்கும் நிறுவனத்தின் செலவு ஈடுசெய்யப்பட வேண்டும், தகுந்த மேற்பார்வை வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.

ஏற்கும் நிலையத்தின் செலவு பணமாக மட்டும் அமைவதில்லை. ஒரே மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், மாணவருக்கு விளக்கம் தரும் ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டதாகும். மொழிபெயர்க்கும் செவிலியரின் நேரமும் அவ்வாறே.

எனவே பொறுப்பிலுள்ள அதிகாரிகள் கீழ்க்கண்டவற்றை முன்கூட்டியே உறுதி செய்தல் நலம்:

1. மாணவருக்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் யார், மாணவர் செய்யலாகாதவை எவை என்பன எழுத்தில் இருத்தல்.

2. மாணவர் உடனிருப்பதற்கு நோயாளியின் இசைவை அவர் தாய்மொழியிலேயே பெறுதல். மறுத்தாலும் சிகிச்சை குறையாது எனத் தெரிவித்தல்.

3. நிலையத்தின் தேவையிலிருந்து மாணவரின் பணியைத் தேர்ந்தெடுத்தல். சேகரித்த விவரங்களை நிலையத்திடமே விட்டுச் செல்லச் செய்தல்.

4. நம் மாணவரும் செவிலியரும் அந்நாட்டில் பயில இடமும் உதவியும் கேட்டுப் பெறுதல்.

நம் மாணவருக்கும் இதே அளவுகோல்

மருத்துவக் கல்வியைக் கிராமத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்பது 1946-ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை முதலே வலியுறுத்தப்பட்டு வருகிறது. 1975-ல் ஸ்ரீவாஸ்தவா குழு இதனை மீண்டும் எடுத்துரைத்தது. 1977-ல் மருத்துவக் கல்விப் புதுநோக்குத் திட்டம் தொடங்கப்பட்டது. 2021-22-ல் சேர்ந்த மாணவர் முதல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும், முதுநிலை மாணவருக்கு மூன்று மாத மாவட்டப் பயிற்சியும் நடைமுறைக்கு வந்துள்ளன.

மைசூர் நகரிலிருந்து கோபிநத்தம் போன்ற ஊருக்கு வரும் மாணவரும் ஒரு மொழி எல்லையைக் கடந்தே வருகிறார். அவரும் விருந்தினரே. வந்தவர் எவராயினும், அவர் சென்றபின் அவ்வூரின் சுகாதாரப் பணி முன்னிருந்ததைவிடச் சிறிதேனும் வலுப்பெற்றுள்ளதா என்பதைக் கொண்டே பயிற்சியின் வெற்றியை மதிப்பிட வேண்டும்.