இருமல் அடங்கினால் போதுமா?

தீபாவளி, திருமணம் என்றால் நம் இல்லங்களில் முறுக்குக்கு அடுத்தபடியாகத் தட்டில் இடம்பெறுவது கச்சான் பூத்தே. ஈப்போவின் புந்தோங் அதற்குப் பெயர் பெற்ற ஊர். கோலா கங்சார் வட்டாரத் தோட்டங்களில் அதன் சுவையை அறியாதார் இலர். ஆனால், அதே கடலை ஒரு சிறு குழந்தையின் மூச்சுக் குழலுக்குள் புகுந்துவிட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும். அதனை எவ்வாறு கண்டறிவது என்பதை இங்கு அறிந்துகொள்வோம்.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடையே இவ்விபத்து மிகுதி. கையில் கிடைத்ததையெல்லாம் வாயிலிடும் பருவம் அது. கடலையை அரைத்து உண்ணக் கடைவாய்ப் பற்களும் முழுமையாக முளைத்திரா. வாயில் கடலையுடன் சிரிக்கும்போதோ, அழும்போதோ, ஓடும்போதோ அது மூச்சோடு உள்ளே இழுக்கப்படுகிறது. புளியங்கொட்டை, பாசிமணி, பொம்மையின் சிறு துண்டு ஆகியவையும் இவ்வாறே செல்லக்கூடும்.

இந்நிலையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, திடீரெனப் புரையேறிக் கடுமையாக இருமுதல். இரண்டாவது, இருமல் அடங்குதல். பொருள் மூச்சுக் குழலின் ஒரு கிளையில் தங்கிவிட, குழந்தை மீண்டும் விளையாடத் தொடங்கும். நாம் ஏமாறுவது இங்கேதான்! மூன்றாவது, சில நாட்களோ வாரங்களோ கழித்துக் காய்ச்சல், ஓயாத இருமல், இழுப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவை தோன்றுதல். இக்கட்டத்தில் சளி என்றோ ஆஸ்துமா என்றோ கருதி மருந்து கொடுத்தால், நோய் குறைவதுபோல் குறைந்து மீண்டும் திரும்பும்.

மருத்துவர் மார்பின் இருபுறமும் காற்றோசையைக் கேட்பார். ஒருபுறம் மட்டும் ஓசை குறைந்தோ இழுப்புடனோ இருந்தால் ஐயம் வலுக்கும். எக்ஸ்ரே படத்தில் உலோகம் தெளிவாகத் தெரியும். கடலையும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியமாட்டா. ஆகவே, மூச்சை வெளிவிடும் வேளையிலும் படம் எடுப்பதுண்டு. உள்ளே சென்ற காற்று வெளியேற இயலாமல் அப்பகுதி உப்பியிருந்தால், அது அடைப்புக்கு அறிகுறியாகும். எனினும், படம் சரியாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை எனக் கூற முடியாது. ஐயம் நீடித்தால், மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்து, பொருளை எடுத்துவிடுவார்கள். இம்முறைக்கு 1897-ஆம் ஆண்டில் வழிகாட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் கில்லியன். ஒரு விவசாயியின் மூச்சுக் கிளைக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டை அவர் இவ்வாறு அகற்றினார்.

இவற்றுக்கெல்லாம் தொடக்கம், புரையேறியதைக் கண்டவர் சொல்லும் ஒரு சொல்லே. பெற்றோர் பால்மரம் சீவவோ செம்பனைக் குலை வெட்டவோ சென்றபின், குழந்தையைக் காப்பவர் பாட்டியாகவோ ஆயாவாகவோ இருப்பார். பழிக்கு அஞ்சி அவர் மறைத்துவிட்டால், மருத்துவரின் காதுக்கு எட்டுவது "சளி" என்னும் சொல் மட்டுமே. ஆகையால், சொன்னவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். என்ன பொருள், எப்போது, முகம் நீலம் பூத்ததா என்பவற்றைக் கேட்டறிந்து மருத்துவரிடம் கூறுங்கள்.

புரையேறிய குழந்தை பலமாக இருமினால், இருமவிடுங்கள். அழவோ மூச்சுவிடவோ முடியாவிட்டால், ஒருவர் 999-ஐ அழைக்க, மற்றவர் குழந்தையின் தலையைத் தாழ்த்தித் தோள்பட்டைகளுக்கிடையே 5 முறை தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிட்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். அதற்கு மேற்பட்டவருக்குத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவற்றை மாறி மாறிச் செய்க. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கவைப்பதும் தவறு.

இருமல் அடங்கினாலும் அன்றே கோலா கங்சார் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். மயக்க மருந்து தேவைப்படலாமாதலால், மருத்துவர் அனுமதிக்கும்வரை உணவு கொடுக்காதீர்கள்.

ஐந்து வயது வரை முழுக் கடலையைத் தராதிருப்பதே சாலச் சிறந்த காப்பு. அதையும் மீறிப் புரையேறிவிட்டால், இருமல் நின்றதே என்று இருந்துவிடாமல், கண்டதைக் கண்டபடி மருத்துவரிடம் கூறுவோம். நம் குழந்தைகளைக் காப்போம்.