பாகின் பதம்

மாணவர்களே, மூணாற்று மலையில் பொழுது புலருமுன்னரே லயங்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தமக்கு மதிய உணவும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் ஒரே வேளையில் சமைத்து முடித்தல் வேண்டும். வாளையாறு, கஞ்சிக்கோடு பகுதிகளில் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் வீடுகளிலும் இதே விரைவுதான். இவ்விரைவில் முதலில் விடுபட்டுப்போவது பிள்ளைகளின் காலை உணவே. பசித்த பிள்ளை வழியிலுள்ள கடையில் பிஸ்கட் பொட்டலமோ ஓட்ஸ் பாரோ வாங்கித் தின்று வகுப்பிற்குள் நுழைகிறது.

அடுத்த முறை அத்தகைய பொட்டலம் கையில் கிடைத்தால் அதனைத் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தில் இருப்பது விளம்பரம். பின்புறத்தில் இருப்பதே செய்தி. சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்னும் வரிசையில் அங்கு எழுதப்பட்டிருக்கும். சில பொட்டலங்களில் சர்க்கரை ஓரிடத்திலும் குளுக்கோஸ் பாகு வேறோரிடத்திலும் இருக்கும். தனித்தனியே எழுதப்படுவதால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் தானியத்தையே விஞ்சிவிடுவதும் உண்டு.

ஓட்ஸ் குளிர்நாட்டுத் தானியம். ஸ்காட்லாந்து மக்கள் நெடுங்காலமாக அதனைக் கஞ்சியாகக் காய்ச்சி உண்டு வருகின்றனர். அதிலுள்ள நார்ச்சத்து நீரில் கரைந்து கூழ்போல ஆவதால் பசி விரைவில் எழுவதில்லை. நல்ல தானியமே. எனினும் நம் மலைகளில் விளையும் தானியங்களையும் அறிதல் வேண்டும். பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றை விளைவித்து உண்டு வந்தனர். காலப்போக்கில் அவ்வேளாண்மை சுருங்கியது. தட்டில் அரிசிச் சோறு மட்டும் எஞ்சியது. 2013இல் அங்குப் பச்சிளங்குழந்தைகள் பலர் இறந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் சத்துக்குறைவும், பழைய தானியங்கள் உணவினின்று நீங்கியதும் காரணங்களுள் சில என ஆய்ந்தோர் கூறினர். 2017இல் கேரள அரசு அங்குச் ‘சிறுதானியக் கிராமம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி அப்பயிர்களை மீண்டும் விளைவிக்கச் செய்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியில் இருப்பதோ ஏறக்குறைய 10 மில்லிகிராமே.

ஆகவே நாம் செய்யப்போகும் பாரில் ஓட்ஸ் பாதி, கேழ்வரகு அவல் பாதி. இவற்றை ஒட்டவைப்பது எது? வெல்லப் பாகு. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு செல்வோர் மறையூரைக் கடந்திருப்பர். மறையூரிலும் காந்தல்லூரிலும் கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சுவர். சாறு பிழிந்த சக்கையே அடுப்பிற்கு எரிபொருள். இறுகி வரும் பாகைச் சூடு ஆறுமுன் கையால் உருட்டுவர். உருண்டைகளில் விரல் பதிந்த தடத்தைக் காணலாம். 2019இல் மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்த ஆண்டில் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பெற்றது. கடலை மிட்டாயும் ஒரு வகைப் பார்தானே!

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஓட்ஸ் 100 கிராம், கேழ்வரகு அவல் 100 கிராம், நிலக்கடலை 100 கிராம், எள் 25 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மணம் எழும்வரை வறுக்க வேண்டும். ஒன்றாக வறுத்தால் கடலை வேகுமுன் எள் கருகிவிடும். கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்க. 200 கிராம் வெல்லத்தைக் கால் குவளை நீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் அடுப்பிலேற்றிக் காய்ச்சுக.

இனித்தான் கவனம் வேண்டும். கிண்ணத்து நீரில் ஒரு துளிப் பாகை விடுக. கரைந்தால் இன்னும் பதமாகவில்லை. விரலால் கூட்டும்போது மெத்தென்று உருண்டால் அதுவே உருட்டுப் பதம், உடனே இறக்குக. இன்னும் காய்ச்சினால் துளி கல்போல் இறுகி, ஒடித்தால் ‘டக்’கென்று ஒலிக்கும். கடலை மிட்டாய்க்கு அப்பதம் ஏற்றது. நம் பாருக்கு அது ஆகாது, பல் நோகும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிச் சர்க்கரையின் செறிவு ஏறுவதாலேயே பதம் மாறுகிறது. கொதிக்கும் பாகு கையிற்பட்டால் நீரைவிடக் கொடிதாகச் சுடும். ஆதலால் பாகை இறக்கி ஊற்றும் வேலை பெரியவருடையது.

வறுத்தவற்றைப் பாகிலிட்டுச் சுக்குப்பொடியும் ஏலமும் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தட்டில் அழுத்திப் பரப்புக. வெதுவெதுப்பாக இருக்கும்போதே 20 துண்டுகளாகக் கீறிவிடுக. ஆறியபின் வெட்டினால் உதிரும். ஒரு துண்டில் ஏறக்குறைய 10 கிராம் வெல்லம் உள்ளது. வெல்லமும் சர்க்கரை இனமே. ஒரு துண்டும் ஒரு வாழைப்பழமும் காலைக்குப் போதும். நான்கு துண்டு தின்பவர், கடைப் பொட்டலத்தைக் குறைகூற இயலாது.

கேழ்வரகு மாவில் குக்கீஸும் செய்யலாம். கோதுமையிலுள்ள ஒட்டும் புரதம் கேழ்வரகில் இல்லாமையால் மூன்று பங்கிற்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்க்காவிடில் உதிர்ந்துவிடும். வெல்லப்பொடி, நெய், சிறிது பால் சேர்த்துப் பிசைந்து தட்டி, அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, இளந்தீயில் சுடலாம்.

பயிற்சி

1. ‘பதம்’ என்னும் சொல் இப்பாடத்தில் என்ன பொருளில் வந்துள்ளது? வேறு இரு பொருள்களையும் எழுதுக.
2. 20 துண்டுகளுக்குப் பதில் 25 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் எவ்வளவு வெல்லம் இருக்கும்?
3. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொட்டலத்தின் சேர்பொருள்களை எழுதிவந்து, சர்க்கரை இனங்களுக்கு அடிக்கோடிடுக.
4. உங்கள் பாட்டியோ அம்மாவோ பாகின் பதத்தை எவ்வாறு அறிவார் என்று கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே ஐந்து வரி எழுதுக.